பீட்டர் குதித்தால் பத்து

படுத்துக்கொண்டே ஆடுகிற ஆட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று ஹெலனிடம் முதலில் சொன்னவள் கல்பனா. இரண்டு பேருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பைப் பெரிய சுத்தியல் அடித்து உருவாக்கித் தள்ளும். ஆறிய உருப்படியை இவர்கள் எடுத்து வெர்னியர் வைத்து அளந்து, தேறியதை ஒரு பக்கமும் தேறாததை ஒரு பக்கமும் போட வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். பதினான்கு வருடம் நின்ற காலுக்குப் படுத்துக்கொண்டு ஆடலாம் என்றால் கசக்குமா?

"ரைபிள் கிளப்பாம்மே. ஏரிக்கரையாண்ட பேனர் கட்டிக்கிறாங்கோ. அதுல ஒரு பொம்பள ஜம்முனு குப்புறப் படுத்துக்கினு கீறா. லேடீஸுக்கு மூணு மாசம் ஃப்ரீயாம்" என்றாள் கல்பனா.

ஜூன் மாதம் இருவரும் சேர்ந்தார்கள். சுடுவதையும் தோசையையும் வைத்துச் சொல்லக்கூடிய எல்லா ஜோக்கையும் கல்பனா முதல் நாளே சொல்லித் தீர்த்துவிட்டாள், ஆகையால் இங்கே அது வேண்டாம். இரண்டாவது வாரம் அவளுடைய முழங்கை இரண்டும் உரிந்து போயின. "இதுக்கு நின்னுக்கினே செத்துடலாம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். ஹெலன் நிற்கவில்லை. ஐம்பது மீட்டர் தூரத்தில் அவள் சுட்ட முதல் ஐந்து குண்டுகளையும் ஒரே ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம் போலிருந்தது. சொல்லிக்கொடுத்த பூமிகா காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்து, ஹெலனைப் பார்த்து, மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

பூமிகாவுக்கு இருபத்து மூன்று வயது. பாதிரிவேடு பக்கம் அவர்கள் வீட்டுக்கு ஏகப்பட்ட நெல் வயல். ஹெலனின் அம்மா அந்த மாதிரி வீட்டு வயல்களில் நாற்று நட்டவள். இப்போது அந்த மாதிரி வீட்டுப் பெண் மண்ணில் முட்டி போட்டு, ஹெலனின் முழங்கையைப் பிடித்து, "இங்க ஊனுங்க அக்கா, இங்க" என்கிறாள். இதை நினைக்கும்போதெல்லாம் ஹெலனுக்குச் சிரிப்பு பொங்கும். சிரித்தால் துப்பாக்கி ஆடும் என்று பூமிகா திட்டுவாள்.

அக்டோபரில் முந்நூறு மீட்டர் போட்டி வந்தது. ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு சுடுதளம். இருபது குண்டு, முப்பது நிமிடம், இருநூறு மதிப்பெண். நூற்றெண்பது எடுத்தவர்கள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். கிளப்பில் அவ்வளவு தூரம் சுடக்கூடிய பெரிய ரைபிள் ஒன்றே ஒன்று, ஆகவே போக முடிந்தவரும் ஒருவரே. கமிட்டித் தலைவர் அதைத் தன் மருமகனுக்கென்று மனத்துக்குள் எழுதி வைத்திருந்தார். பூமிகா சண்டை போட்டு ஹெலனுக்கு வாங்கிவிட்டாள். "இந்த வருஷம் அந்தக் கம்பெனி லேடி ட்ரை பண்ணட்டும், வரலன்னா ரைபிள் அடுத்த வருஷம் எங்காளுக்கு" என்று தலைவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

ஹெலனுக்கு அந்த நூற்றெண்பது வேண்டும். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு நகை வேண்டும் என்று ஆசைப்படவில்லை, சொந்த வீடு வேண்டும் என்று அழவில்லை. முப்பத்தெட்டு வயதில் இது ஒன்றை அவள் ஆசைப்பட்டாள். ராத்திரி பீட்டரிடம் அதைச் சொன்னாள். பீட்டர் அவள் கணவன், குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன், தொண்ணூற்றைந்து கிலோ. "ஒனக்கு வேணுமா? அப்ப வந்துடும் உடு" என்றான். அவன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வான்.

கிளப் ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் பீட்டர் ஒரு பிவிசி பைப்பில் மணலை நிரப்பி இரண்டு பக்கமும் அடைத்து, எடையைச் சரியாக்கிக் கொடுத்தான். ட்ரிக்கருக்கு ஒரு டிக்டிக் பேனாவை டேப் போட்டு ஒட்டினான். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஹாலில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்து, எதிர்வீட்டுச் சுவரைக் குறிபார்த்து ஹெலன் பேனாவை அழுத்துவாள். குறி, கல்பனாவிடம் வாங்கிய கருப்பு ஸ்டிக்கர் பொட்டு. எதிர்வீட்டு மணியம்மாள் அதைத் தினமும் பிய்த்து எறிவாள், ஹெலன் தினமும் ஒட்டுவாள்.

"சொவுத்துக்கு எதுக்குடி பொட்டு? அதுக்கு இன்னா கண்ணாலமா?" என்று மணியம்மாள் கத்துவாள்.

"மாப்ள பாத்துக்கினு கீறோம் ஆயா!" என்று உள்ளேயிருந்து பீட்டர் கத்துவான்.

மூன்று மாதத்தில் ஹெலன் தவறவே இல்லை. வீட்டிலும் சரி, ஏரிக்கரைச் சுடுதளத்திலும் சரி, படுத்தாள், மூச்சை விட்டாள், பாதி மூச்சில் நிறுத்தினாள், அழுத்தினாள். பூமிகா தன் நோட்டில் எழுதி எழுதி மாய்ந்து போனாள். சத்தத்தை அடைக்கிற பெரிய மஃபைக் காதில் மாட்டிக்கொண்டு, காற்றில் ஆடிக்கொண்டிருந்த கொடியைப் பார்த்து ஹெலன் கணக்குப் போட்டு, குறிவளையத்தை ஒரு கிளிக் திருகி, பட்டென்று பத்து.

இங்கே சுத்தியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹெலனின் வீடு கம்பெனிக்குப் பின்தெரு. ஏரிக்கரைச் சுடுதளம் கம்பெனி மதிலுக்கு அந்தப் புறம். நாலு விநாடிக்கு ஒரு தரம் சுத்தியல் இறங்கும், தொம். மூன்று ஷிஃப்டும் இறங்கும். அந்தத் தெருவில் டம்ளரெல்லாம் அலமாரியில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும், வாரம் ஒருமுறை பின்னால் தள்ளி வைக்க வேண்டும். சத்தம் பெரிதில்லை, அது தரையில் வருவது. காதை அடைத்துக்கொண்டாலும் வயிற்றுக்குத் தெரியும். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் "இன்னாது அது?" என்று கேட்டால், "எது?" என்று தெருக்காரர்கள் திருப்பிக் கேட்பார்கள். ஆகஸ்ட் பதினைந்துக்குக்கூட இரட்டைச் சம்பளம் கொடுத்து ஓட்டுகிற கம்பெனி அது. ஆயுத பூஜைக்கு மட்டும் சுத்தியலுக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு நாள் முழுக்கத் தூங்க விடுவார்கள்.

ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. போட்டி ஞாயிறு. காலையில் கம்பெனியில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு, ஹெலன் மத்தியானமே சுடுதளத்துக்கு வந்துவிட்டாள். பீட்டர் வாழைக்கன்று கட்டிய குட்டியானையில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு பின்னாலிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தான்.

ஹெலன் படுத்தாள். மூச்சை விட்டாள். பாதியில் நிறுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மூச்சு முட்டியது, மறுபடி இழுத்து மறுபடி விட்டாள். குறி அதன் இடத்தில்தான் இருந்தது. விரலும் ட்ரிக்கரில்தான் இருந்தது. விரல் மட்டும் யாரோ சொல்லட்டும் என்பதுபோல் காத்திருந்தது.

"காத்து இல்ல, கானல் இல்ல. சுடுங்கக்கா" என்றாள் பூமிகா.

"சுடறேன் இரு."

பத்து நிமிடம் போயிற்று. கால் மணி போயிற்று. பொரி தீர்ந்த பீட்டர் பொழுது போகாமல், குறியாவது தெரிகிறதா பார்க்கலாமென்று பெஞ்சின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. கீழே குதித்தான். தொண்ணூற்றைந்து கிலோவும் ஒன்றாகத் தரைக்கு வந்தன.

தொம். டப். பத்து.

"ஆங், அதான் எம் பொண்டாட்டி!" என்று பீட்டர் மறுபடி பெஞ்சின் மேல் ஏறிக் கைதட்டிவிட்டுக் குதித்தான். தொம், டப், பத்து.

ஹெலன் மஃபைக் கழற்றித் திரும்பிப் பார்த்தாள். "யோவ், இன்னொரு வாட்டி குதி."

குதித்தான். பத்து.

"இப்ப குதிக்காத."

குதிக்கவில்லை. விரல் அசையவில்லை. பூமிகா மெதுவாக எழுந்து கம்பெனி மதிலைப் பார்த்தாள், அப்புறம் தன் நோட்டைப் பார்த்தாள், அப்புறம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நீங்க ஒரு வாட்டிகூட சுத்தியல் இல்லாம சுட்டதே இல்ல. அது அடிச்சு முடிக்கும், நீங்க சுடுவீங்க. நான் இன்னாடான்னா உங்க டைமிங்க பாத்து மெரண்டுக்கினு இருந்தேன்."

ஆர்.கே.பேட்டை மலையடிவாரத்தில் பஸ் ஹாரன்கூடக் கேட்காது என்பது மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. பீட்டர்தான் முதலில் சிரித்தான். பிறகு ஹெலன் சிரித்தாள், பூமிகா சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தபோது அது பாதி நிஜக் கண்ணீராக இருந்தது.

அன்று மாலை ஹெலன் வீட்டில் மாநாடு கூடியது. கல்பனாவும் வந்துவிட்டாள். சுத்தியல் சத்தத்தைப் போனில் பிடித்துக் காதில் போட்டுக்கொள்ளலாம் என்று அவள் சொன்னதும், போட்டியில் போன் கூடாது என்று பூமிகா விதிப் புத்தகத்தைத் தட்டினாள். ஒரு பம்பைக்காரரைக் கூட்டிப் போகலாம் என்றாள் கல்பனா. பின்னாலிருந்து யாரும் சைகை காட்டக் கூடாது, சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றாள் பூமிகா.

"குதிக்கக் கூடாதுன்னு போட்டுக்குதா?" என்றான் பீட்டர்.

பூமிகா சிரிக்காமல் நாற்பத்திரண்டு பக்கத்தையும் புரட்டினாள். "போடல" என்றாள் கடைசியில், கொஞ்சம் வெட்கத்தோடு.

மறுநாளிலிருந்து பீட்டர் பயிற்சி எடுத்தான். விடிந்ததும் வாசல் படியிலிருந்து பத்துக் குதி, நாஷ்டா முடிந்ததும் பத்துக் குதி. மணியம்மாள் வீட்டு ஊறுகாய் ஜாடி ஒன்று விழுந்து உடைந்தது. ஆனால் பூமிகா இதையெல்லாம் நம்பவில்லை. அமைதியான இடத்தில் பழகியே ஆக வேண்டும் என்றாள். கும்மிடிப்பூண்டியில் அமைதியான இடத்துக்கு எங்கே போவது? ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் ஹைவே. கடைசியில் ஸ்டேஷனுக்கு அப்பால், சுத்தியல் எட்டாத இடத்தில் இருந்த ஹெலனின் சர்ச்தான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், நடுப் பாதையில் பாயைப் போட்டு, பிவிசி பைப்பைப் பிடித்துக்கொண்டு, பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிய பொட்டைக் குறிபார்த்து ஹெலன் படுத்திருந்தாள். சர்ச்சைப் பெருக்குகிற லோகு துடைப்பத்தோடு உள்ளே வந்து, அப்படியே திரும்பிப் போய், பாஸ்டர் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐயர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னும் எத்தன நாளும்மா?" என்று மட்டும் கேட்டார். ஜெபத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரத்தில் ஆறு தரம்தான் பேனா டிக்கென்றது. போட்டியில் அரை மணி நேரத்தில் இருபது வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரைபிளும் லைசென்ஸ் காகிதங்களும் பூமிகாவின் காரில் போயின. மற்றவர்கள் குட்டியானையில் போனார்கள். மலையடிவாரம் அவ்வளவு அழகாகவும் அவ்வளவு பேஜாராகவும் இருந்தது. ஒரு சத்தம் இல்லை. முந்நூறு மீட்டருக்கு அப்பால் குறிப்பலகை தபால் தலை அளவுக்குத் தெரிந்தது. அதற்குக் கீழே குழிக்குள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் குழியிலிருந்து எண் பலகை மேலே வரும். பெண்கள் சுற்றுக்கு ஏழு பேர் வரிசையாகப் படுத்தார்கள். கமிட்டித் தலைவர் முன்வரிசை நாற்காலியில் மருமகனோடு உட்கார்ந்திருந்தார்.

விசில் ஊதியது. கயிற்றுக்குப் பின்னால் இருபது தப்படி தள்ளி நின்ற பீட்டர் குதித்தான். கீழே முழுக்கப் பாறை. ஹெலனுக்கு ஒரு எறும்பு நடந்த அளவுக்கும் தெரியவில்லை. அவன் இன்னும் உயரமாகக் குதித்தான். வரிசையாக எட்டுத் தரம் குதித்ததும் அதிகாரி ஒருவர் வந்தார்.

"இன்னா சார், உடம்புக்கு எதனாவா?"

"சுகர் சார். டாக்டர் குதிக்கச் சொல்லிக்கிறாரு" என்றான் பீட்டர், மூச்சு வாங்க.

"அங்க போய் குதிங்க" என்று அவர் வண்டி நிறுத்தும் இடத்தைக் காட்டினார். பீட்டர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஒன்பது நிமிடம் ஆகியும் ஹெலன் ஒரு குண்டும் சுடவில்லை. பக்கத்துப் பெண்களின் துப்பாக்கிகள் மஃபுக்குள் மங்கலாகப் பொட்டுப் பொட்டென்று கேட்டன. எது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹெலனுக்குப் பயம் வந்தது. தலைவர் முன்னால் எழுந்து, சுடாத இருபது குண்டுகளையும் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு நடக்கப் போகிறோம் என்று நினைத்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. குறிவளையம் துள்ளியது. நாடித் துடிப்பு குறியில் தெரியும், பயந்தால் அதிகம் தெரியும், அதை அடக்குங்கள் என்று பூமிகா ஆயிரம் தரம் சொல்லியிருந்தாள். ஹெலன் அடக்கப் பார்த்தாள். வளையம் கேட்கவில்லை. துள்ளல், நிதானம், துள்ளல், நிதானம்.

அட, இது ஒரு ஒழுங்காக அல்லவா அடிக்கிறது, என்று அவளுக்குத் தோன்றியது.

தொம், இடைவெளி. தொம், இடைவெளி. ஷிஃப்ட் அதிகமாய்ப் போட்ட சுத்தியல், அவ்வளவுதான். ஹெலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சுட்டாள். குழியிலிருந்து ஆறு வந்தது. பின்னால் பூமிகா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஹெலன் சிரிப்பை விழுங்கிவிட்டு மறுபடி படுத்தாள். துள்ளியது, நின்றது, சுட்டாள். ஒன்பது. துள்ளியது, நின்றது. பத்து. அதற்கப்புறம் நிறுத்த ஆளில்லை. ஒன்பது, ஒன்பது, பத்து, ஒன்பது. குழிக்காரர்கள் பலகையை இறக்குவதற்குள் அடுத்தது போனது. கல்பனா விரல் விட்டு எண்ணி, விரல் போதாமல் பூமிகாவின் விரல்களையும் பிடித்துக்கொண்டாள்.

பத்தொன்பது குண்டு முடிந்தபோது நூற்று எழுபத்திரண்டு. இன்னும் ஒரு குண்டு, எட்டு வேண்டும், இரண்டு நிமிடம் இருந்தது. ஹெலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வந்துவிட்டது, கிட்டே வந்துவிட்டது. பாதி மூச்சில் நிறுத்தித் துள்ளலுக்குக் காத்திருந்தாள்.

துள்ளவில்லை. பயம் போய்விட்டது, அதோடு நெஞ்சு அடித்துக்கொண்டதும் போய்விட்டது. குறிவளையம் ஆணி அடித்தாற்போல் நின்றது. வெளியே சத்தமில்லை, தரையில் சத்தமில்லை, இப்போது உள்ளேயும் இல்லை. வேண்டுமென்றே பயப்பட்டுப் பார்த்தாள். தலைவரின் முகத்தை நினைத்தாள், மருமகனை நினைத்தாள். சிரிப்புதான் வந்தது, பயம் வரவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றார் அதிகாரி.

விரல் ட்ரிக்கரில் காத்திருந்தது. சங்கு ஊதினால் உள்ளே போவது, சுத்தியல் இறங்கினால் உருப்படியை எடுப்பது, பெல் அடித்தால் டீ குடிப்பது என்று பதினான்கு வருடம் பழகிய விரல் அது. அதற்கு இப்போது என்று சொல்ல இந்த மலையடிவாரத்தில் யாரும் இல்லை, யாரும் வரப் போவதும் இல்லை. அது புரிந்ததும் ஹெலனுக்கு ஒரு கணம் வெறிச்சென்று இருந்தது. அப்புறம் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எப்போது வேண்டுமானாலும் சுடலாம். இப்போது சுடலாம்.

சுட்டாள்.

குழி ரொம்ப நேரம் யோசித்ததுபோல் இருந்தது. பிறகு பலகை மேலே வந்தது. ஒன்பது.

நூற்றெண்பத்தொன்று. கல்பனா கயிற்றைத் தாண்டி ஓடிவந்து, எழுந்திருக்க முயன்ற ஹெலனின் மேலேயே விழுந்தாள். பூமிகா இரண்டு பேர் மேலும் விழுந்தாள். அதிகாரி விசிலை ஊதி ஊதிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தலைவர் எழுந்து நின்று, வேறு வழியில்லாமல் கைதட்டினார்.

வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து பீட்டர் ஓடிவந்தான். சட்டை முழுக்க வேர்வை, முட்டியில் சிராய்ப்பு, செருப்பு ஒன்றைக் காணவில்லை. அரை மணி நேரமும் அவன் அங்கே சும்மா இருக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"வண்டி மேல ஏறி குதிச்சேம்மே! கடசி குண்டுக்குப் பூமியே ஆடிச்சு. ஒனக்குத் தெரிஞ்சுச்சா?"

ஹெலன் அவன் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொன்னால் அவன் ஜென்மத்துக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவான். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்லய்யா" என்றாள். "அது நானா சுட்டேன்."

பீட்டர் மிச்சமிருந்த செருப்பையும் உதறித் தள்ளினான். பிறகு அவளை அப்படியே தூக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே குதித்தான்.